திருக்காவலூரும் தேற்றரவும்: வீரமாமுனிவர் நூல்களில் பிறரை ஊக்கும் அறம்

முன்னுரை

வீரமாமுனிவரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு நெறிகளில் சென்றுள்ளன. இத்தாலி நாட்டிற் பிறந்த ஒருவர் தமிழிற் காப்பியமும் இலக்கணமும் அகராதியும் செய்தாரே என வியந்து நிற்பது ஒரு நெறி. அவர் செய்தன யாவும் சமயம் பரப்பும் கருவிகளே என ஐயுற்று ஒதுங்குவது மற்றொரு நெறி. வியப்பும் ஐயமும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும், இரண்டும் நூலை விட்டு நூலாசிரியரையே நோக்கும் வகையில் ஒன்றுபடுவனவே. அந்நூல்களை முதன்முதற் கேட்டவர் யாவர், அவர் எந்நிலையில் இருந்தனர், அவர்க்கு அந்நூல்கள் என்ன செய்தன என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்பெறவில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்புகின்றது. தளர்ந்தாரைத் தேற்றி ஊக்குதல் கிறித்தவ சமயத்தில் ஒரு நற்பண்பு மட்டுமன்று; அச்சமயத்தார் ஒவ்வொருவர்க்கும் விதிக்கப்பெற்ற கடமையும் ஆகும். அக்கடமையை வீரமாமுனிவர் தமிழ் மரபில் எவ்வாறு வேரூன்றச் செய்தார் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அடைக்கலம் தருதல், உடன் அழுதல், ஒழுகிக் காட்டுதல் என்னும் மூன்று படிகளால் அவர் இதனை நிறுவினார் என்பதும், அவற்றுள் மூன்றாவது இல்வழி முன்னிரண்டும் பயனிலவாம் என்பதே அவர் கருத்து என்பதும் யாம் காட்ட முயலும் முடிபுகளாம்.

1. சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘பராக்லேசிஸ்’ என்னும் ஒரு சொல் பல இடங்களில் வழங்குகின்றது. ஒருவனை அருகே அழைத்து நிறுத்திப் பேசுதல் என்பது அதன் அடிப்பொருள். துயருற்றானுக்கு ஆறுதல் கூறுதலையும், சோர்ந்தானைச் செயலுக்குத் தூண்டுதலையும், தவறுவானை அறிவுறுத்துதலையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். தமிழில் இப்பொருள்கள் வெவ்வேறு சொற்களாகப் பிரிந்து நிற்பதால், மொழிபெயர்த்தோர் ஒவ்வோரிடத்தும் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவராயினர். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் பர்னபா என்னும் பெயருக்குச் சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆறுதல்’ என்னும் சொல்லாற் பொருள் தருகின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ‘ஊக்கம்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. தூய ஆவியாரைக் குறிக்கும் உறவுச்சொல்லும் அவ்வாறே ஒன்றில் தேற்றரவாளன் என்றும் மற்றதில் துணையாளர் என்றும் நிற்கின்றது. இரண்டும் பிழையல்ல; ஒரு பொருளின் இரு பக்கங்களே அவை.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஆறுதல் பெற்றவன் இருந்த இடத்திலேயே இருத்தல் கூடும். ஊக்கம் பெற்றவன் எழுந்து நடத்தல் வேண்டும். வெறும் ஆறுதல் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும். வெறும் ஊக்கம் துன்புறுவானின் நோவை அறியாது அவனைத் துரத்தும். இரண்டையும் ஒருசேரத் தருதல் எங்ஙனம் என்பதே தேற்றுவார் முன் நிற்கும் சிக்கல்.

திருக்குறளில் ஊக்கமுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரங்கள் உள்ளன. அவை ஊக்கத்தை ஒருவன் தன்பாற் கொண்டிருக்க வேண்டிய உடைமையாகவே பேசுகின்றன. அவ்வுடைமை இல்லாதானுக்கு அதனைப் பிறர் தருதல் பற்றி இனியவை கூறல், கண்ணோட்டம், நட்பு முதலிய அதிகாரங்களில் சிதறிய குறிப்புகள் உளவேனும், தனி அதிகாரம் இல்லை. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் வீரமாமுனிவர். எனவே இவ்வதிகாரங்களைச் சொல்சொல்லாக நிறுத்துக் கற்றவர் அவர் என்பது தெளிவு. குறள் உடைமையாகக் கூறியதை இவர் கொடையாக்க முயன்றார் எனலாம்.

அதற்குத் துணைநின்ற தமிழ் மரபு ஆற்றுப்படையே என்பது எம் கருத்து. வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்குத் தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் இலக்கணமாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அங்கு வழிகாட்டுவான் உயர்ந்தவன் அல்லன். நேற்றுவரை அவனும் அதே வறுமையில் உழன்றவன். அவன் சொல்லுக்கு வலிமை தருவது அவன் கல்வி அன்று, அவன் பட்டறிவே. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கமும் இக்கருத்தினதே. தாம் இடுக்கணில் இறைவனிடம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறர்க்கு ஆறுதல் தர வல்லராயினோம் என்பது அவர் கூற்றின் கருத்து. பாணனும் திருத்தூதரும் காலத்தாலும் நாட்டாலும் பெரிதும் வேறுபட்டோர். ஆயினும் ‘பெற்றவன் பெறாதவனுக்கு’ என்னும் முறை இருவர்க்கும் பொதுவாய் நிற்றல் கருதத்தக்கது.

2. நிலமும் மக்களும்

இம்முறை வீரமாமுனிவரின் வாழ்வில் எவ்விடத்தில் உருப்பெற்றது என்பதை அறிய, அவர் நெடுங்காலம் வாழ்ந்து பணிசெய்த ஏலாக்குறிச்சிக்குச் செல்லுதல் வேண்டும். இவ்வூர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்கள் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. அவ்வாண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதனினின்று 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பெற்று, 2007இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. வீரமாமுனிவர் காலத்தில் இப்பகுதி அரியலூர்ப் பாளையக்காரராகிய மழவராயர்களின் ஆட்சியில் இருந்தது.

கொள்ளிடம் அக்காலத்தில் ஆறு மட்டுமன்று, எல்லையும் ஆகும். தென்கரையில் தஞ்சை மராத்தியரின் ஆட்சி. வடகரையில் பாளையக்காரரின் ஆட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாட்டில் கிறித்தவர்க்கு இடையூறுகள் நேர்ந்தன. அங்கிருந்து ஆற்றைக் கடந்து வந்தோர் ஏலாக்குறிச்சியில் புகலடைந்தனர் என்பது இவ்வூர்த் திருத்தல மரபு. காவிரி பாயும் வளநாட்டை விட்டு, மானாவாரி நிலமே மிகுந்த வடபாற் சீமைக்கு வருதல் எளிதன்று. வயலையும் வீட்டையும் சுற்றத்தையும் இழந்து வந்தோர் ஒரு சிறு ஊரில் கூடியிருந்தனர் என்பதை நினைவிற் கொண்டாலன்றி, அவ்வூரில் எழுந்த இலக்கியத்தின் குரல் நமக்குக் கேளாது.

வீரமாமுனிவரும் அச்சத்தை அறியாதவர் அல்லர். 1680இல் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, 1710ஆம் ஆண்டளவில் இந்தியா வந்த அவர், மதுரை மறைப்பணித் தளத்தில் பணி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டுக் கொலைத்தண்டத்தின் விளிம்புவரை சென்று மீண்டவர் என்பதை அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். ஆகவே புகல் தேடி வந்தோர்க்குப் புகலின் அருமையை எடுத்துரைத்தவர், அதனைத் தாமும் நாடியவரே. ஆற்றுப்படையின் முறை அவர் வாழ்விலேயே அமைந்துவிட்டது.

அரியலூர் மழவராயர் ஒருவரின் கொடிய பிளவை நோயை முனிவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் இவ்வட்டாரத்தார் கூறுவர். இதன் வரலாற்று உண்மையை அளத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. மக்கள் தம் முனிவரைப் புலவராக மட்டும் நினைவிற் கொள்ளாது, நோயாளியின் அருகே சென்று நின்றவராகவும் நினைவிற் கொண்டனர் என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

3. அடைக்கலம்

ஏலாக்குறிச்சிக்கு வீரமாமுனிவர் சூட்டிய பெயர் திருக்காவலூர். அங்கு எழுந்த கோயிலின் தலைவிக்கு வழங்கும் பெயர் அடைக்கல மாதா. காவல், அடைக்கலம் என்னும் இவ்விரு சொற்களும் தமிழிலக்கியத்தில் நெடிய வரலாறு உடையவை. அடைக்கலம் என்ற அளவிலே தமிழறிந்தார் உள்ளத்தில் எழுவது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை. சமணத் துறவியாகிய கவுந்தியடிகள், புகார் விட்டு வந்த கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். நெடுவழியில் கோவலனையும் கண்ணகியையும் தேற்றி நடத்தி வந்தவர் அவரே. சமயத் துறவி ஒருவர் துன்புறுவார்க்கு வழித்துணையாதல் என்னும் காட்சி தமிழ்க் காப்பியத்தின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

அக்காதையின் பின்விளைவு உன்னத்தக்கது. கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போயிற்றே என மாதரி தீப்புகுகின்றாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர் துறக்கின்றார். தேற்றிய சொல்லுக்குத் தாமே பிணையாதல் என்னும் கடுமையான அறம் இது. தேற்றுதல் வாய்ச்சொல்லோடு முடிவதன்று. சொன்னவர் தம் உயிரையே அதற்கு ஈடாக வைத்தவராவர்.

திருக்காவலூர்க் கலம்பகம் இம்மரபைத் தொடர்ந்தும் மாற்றியும் செல்கின்றது. சிலம்பில் ஒருவர் மற்றொருவரைப் பிறிதொருவரிடம் ஒப்படைக்கின்றார். கலம்பகத்தில் அடியவரே தம்மைத் தாயினிடம் ஒப்படைக்கின்றனர். சிலம்பின் அடைக்கலம் அரசன் பிழையால் உடைந்தது. இங்கு அரசாற்றலுக்கு அப்பாற்பட்ட ஒரு காவல் பாடப்படுகின்றது. கலம்பகம் என்னும் இலக்கிய வகையும் இதற்கு ஏற்றதே. அம்மானை, ஊசல், களி, மறம், பாண் எனப் பல உறுப்புகள் கலந்து வருவது அது. விளையாடும் மகளிர், பிரிவால் வாடும் தலைவி, களிப்பில் ஆடுவோர், வீறு பேசும் மறவர் என ஊரார் பலருடைய குரலும் அவ்வகையில் ஒலித்தற்கு இடமுண்டு. வேற்றூர்களினின்று வந்து கூடிய ஒரு மக்கட்கூட்டம் ஒரூராக ஒன்றுபடுவதற்குப் பொதுப்பாட்டு வேண்டும். அப்பொதுப்பாட்டை முனிவர் இவ்வகையில் அளித்தார் என யாம் கருதுகின்றோம். ஒரு குறிச்சிக்குத் திருப்பெயர் சூட்டி, அதற்குக் கலம்பகம் பாடி, பாடல்பெற்ற பதிகளின் வரிசையில் அதனை வைத்தமையே அவ்வூர் மக்களுக்கு அளித்த பெரிய ஊக்கமாகும். இடம் இழந்தார்க்கு முதலில் வேண்டுவது இடமே அன்றோ!

4. உடன் அழுதல்

தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவர் சூசை என்னும் வளன். நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசியதாகக் குறிப்பில்லை. தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த, பேசாத ஒருவரைத் தன்னேரில்லாத தலைவராக்கியமை வியத்தற்குரியது. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியாளின் நூலை முனிவர் பெரிதும் தழுவினார் என்பது அறிஞர் கண்ட உண்மை. ஆயினும் தழுவிய பொருளை யாருக்காக விரித்தார் என்பது வேறு வினா.

ஐயந்தோற்று படலம், ஐயம் நீங்கு படலம், பைதிரம் நீங்கு படலம் என்னும் படலப் பெயர்களே இவ்வினாவுக்கு விடை கூறுவன. காப்பியத் தலைவர் முதலில் ஐயத்தால் உள்ளம் உடைகின்றார். வானவர் சொல்லால் தேறுகின்றார். பின்னர்க் கொடுங்கோலன் ஒருவனுக்கு அஞ்சி, மனைவியோடும் மகவோடும் தம் நாட்டை விட்டு இரவில் எசித்து நாட்டிற்குச் செல்கின்றார். பைதிரம் என்பது நாடு. நாடு நீங்கிய ஏதிலி ஒருவரே இக்காப்பியத்தின் தலைவர்! இராமனும் பாண்டவரும் நாடு நீங்கியவரே. ஆயின் அவர் அரசராய் மீண்டு அரியணை ஏறினர். வளனோ தச்சராய்ச் சென்று தச்சராகவே மீள்கின்றார். அவர்க்குரிய முடி இவ்வுலகத்தது அன்று. தஞ்சை நாட்டினின்று கொள்ளிடம் கடந்த ஒரு குடும்பத்திற்கு இக்கதை அயல்நாட்டுக் கதையாக இருந்திராது. தம் கதையையே திருக்குடும்பத்தின் கதையாகக் கேட்டவர், தம் துயர் இழிவு அன்று எனத் தெளிந்திருப்பர். இது எம் உய்த்துணர்வே ஆயினும், இடமும் காலமும் இதற்குச் சான்றாக நிற்கின்றன.

தேம்பாவணியில் தேற்றரவின் இயல்பை மிக நுட்பமாகக் காட்டும் பகுதி கருணையன் தாய்க்கு இரங்கும் பகுதியாகும். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் கருணையன். தாயாகிய எலிசபெத்தோடு கானகத்தில் வாழ்ந்த அவர், தாயை இழந்து தனியராய் நிற்கின்றார். தாயின் உடலைத் தம் கையாலேயே மலர்ப்படுக்கையில் அடக்கம் செய்து அழுகின்றார். அப்போது கானகத்து மரங்களும் மலர்களும் பறவைகளும் அவரோடு சேர்ந்து அழுவனபோல் ஒலிப்பதாகக் கவிஞர் பாடுகின்றார். தமிழகப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றமையால் இது பலரும் அறிந்ததே.

இதனைப் புறநானூற்றின் 242ஆம் பாட்டோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் முல்லையை நோக்கி, சூடுவார் இல்லாத இந்நாட்டில் நீ ஏன் பூத்தாய் என வினவுகின்றார். அங்கு இயற்கை மனிதத் துயரை அறியாது தன் போக்கிற் செல்கின்றது. அவ்வறியாமையே பாட்டின் அவலத்தை மிகுவிக்கின்றது. கையறுநிலையின் கூர்மை அது. தேம்பாவணியிலோ இயற்கை உடன் அழுகின்றது. கலைநயம் ஒன்றையே நோக்கின் புறப்பாட்டின் கூர்மையே மிக்கது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் இருவர் நோக்கமும் வேறு. கீரத்தனார் ஈடுசெய்ய இயலாத இழப்பைக் காட்டினார். வீரமாமுனிவர் அழுவான் தனியன் அல்லன் என்பதைக் காட்டினார்.

தேற்ற முனைவார் பலரும் செய்யும் பிழை, அழாதே என்று தொடங்குதல். இப்பகுதியில் அழுகையைத் தடுக்கும் குரல் முந்தி எழவில்லை. அழுகைக்கு இடம் விட்ட பின்னரே தேற்றம் வருதற்கு வழி பிறக்கின்றது. அழுவாரோடு அழுக என்பது பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் கூறிய அறிவுரை. மகனை இழந்த தாயின் புலம்பலையே பொருளாகக் கொண்ட அன்னை அழுங்கல் அந்தாதியும் இவ்வறத்தின்பாற்பட்டதே. அடைக்கலம் தரும் தாயே அழுத தாயும் ஆவாள் என்பதனால்தான் அவள்பால் அழுதவர் செல்கின்றனர். பெற்றவன் பெறாதவனுக்கு என்னும் ஆற்றுப்படை முறை ஈண்டும் ஊடுருவி நிற்றல் காண்க.

5. ஒழுகிக் காட்டுதல்

காப்பியத்திற்கு அடுத்த ஆண்டாகிய 1727இல் எழுந்த உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம். தமிழ் உரைநடை வரலாற்றில் இதற்குரிய இடத்தைப் பலரும் பேசியுள்ளனர். யாம் ஈண்டு நோக்குவது அதன் பொருளமைதி.

மதுரை மறைப்பணித் தளத்தில் குருக்கள் சிலரே, ஊர்களோ பல. ஒரு குரு ஓர் ஊருக்கு மீண்டும் வருதற்கு நெடுநாள் செல்லும். இடைப்பட்ட காலத்தில் செபம் கற்பித்தல், நோயுற்றாரைக் காணுதல், இறப்பாரின் அருகிருத்தல், அஞ்சினாரைத் திடப்படுத்தல் ஆகிய பணிகளைச் செய்தோர் உபதேசியார் எனப்படும் தமிழரே. அவர்க்காக எழுதப்பெற்றதே வேதியர் ஒழுக்கம். வேதியர் என்னும் சொல் தமிழில் அந்தணர்க்கு உரியதாக வழங்கியது. அதனை முனிவர் பிறப்பினின்று பிரித்து, வேதத்தைப் போதிக்கும் பணிக்கு உரியதாக்கினார். சிற்றூரில் நின்று பணிசெய்யும் ஒருவரை அப்பெயரால் அழைத்ததே அவர்க்கு ஊக்கமாகும்.

அதனினும் இன்றியமையாதது நூற்பெயரின் பிற்பகுதி. வேதியர் கல்வி என்றோ வேதியர் சொல்வன்மை என்றோ பெயரிடாது, ஒழுக்கம் என்று பெயரிட்டார் ஆசிரியர். பிறரைத் தேற்றுவானுக்கு முதற்கருவி அவன் நடத்தையே என்பது இப்பெயராற் போதரும். கேட்போர் தேற்றுவானின் சொல்லை அவன் வாழ்வோடு ஒட்டிப் பார்த்தே ஏற்பர். பொறுமை கற்பிக்கும் வாய் சினந்து பேசின், கற்பித்ததும் கெடும். பெறாதவனுக்கு வழிகாட்டுவான் தான் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் ஆற்றுப்படை விதி இங்கு முழு வடிவம் பெறுகின்றது. திருக்குறள் ஒழுக்கத்தை உயிரினும் மேலாகப் பேணச் சொல்வது ஒருவனுடைய மேன்மை கருதி. வேதியர் ஒழுக்கம் அதனைப் பேணச் சொல்வது அவனை நம்பி நிற்கும் பிறர் கருதி. இவ்வேறுபாடு சிறிதன்று.

6. எதிர்மறைச் சான்று

மேற்கூறிய கருத்திற்கு ஓர் எதிர்மறைச் சான்று வீரமாமுனிவரின் நகைச்சுவை நூலாகிய பரமார்த்த குருவின் கதையில் உள்ளது. 1822இல் பாபிங்டன் என்பார் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டமையால் இது மேனாட்டிலும் அறியப்பெற்றது. சிரிப்பூட்டும் கதை என்ற அளவில் இதனைக் கடந்து செல்வர் பலர். தேற்றரவு பற்றிய ஆராய்ச்சியில் இதற்குத் தனியிடம் உண்டு.

குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் ஆறு உறங்கும் வரை காத்திருந்து அதனைக் கடக்கின்றனர். கரையேறி எண்ணும்போது, எண்ணுகின்றவன் தன்னை விட்டு எண்ணுகின்றான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அனைவரும் புலம்புகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து எண்ணிக்காட்டிய பின்னரே தெளிகின்றனர். இக்கூட்டத்தில் அன்புக்குக் குறைவில்லை. உடன் அழுதலுக்கும் குறைவில்லை. ஆயினும் ஒருவரும் ஒருவரைத் தேற்ற இயலவில்லை. பிறரை எண்ணித் தன்னை எண்ண மறந்தவன் எங்ஙனம் வழிகாட்டுவான்? வேதியர் ஒழுக்கம் உடன்பாட்டாற் கூறியதைக் கதை எதிர்மறையாற் கூறுகின்றது.

கதையின் முடிவு இன்னும் கடுமையானது. இருக்கை குளிர்ந்தால் இறப்பு வரும் என்று யாரோ சொன்ன சொல்லுக்கு அஞ்சியே குரு தளர்கின்றார். சீடர்களோ அவ்வச்சத்தை நீக்கும் வகை அறியாராய், தாமும் அதனையே நம்பி, அவர் இறுதியை விரைவுபடுத்துகின்றனர். அறிவில்லாத பரிவு அச்சத்தை வளர்க்குமேயன்றிக் குறைக்காது. உடன் அழுதல் தேற்றரவின் ஒரு படி ஆகும். அதுவே முடிவாகாது என்பதற்கு இக்கதையினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

7. இரண்டு தடைகள்

எம் கருத்துக்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். அவற்றை மறைத்தல் ஆய்வுநெறி ஆகாது.

முதலாவது, நடை பற்றியது. தேம்பாவணியின் நடை சிந்தாமணியையும் கம்பரையும் பயின்றார்க்கன்றி எளிதில் விளங்காதது. புகல் தேடி வந்த எளிய உழவர் இதனை எங்ஙனம் துய்த்திருப்பர்? விளங்காத பாட்டு எவ்வாறு ஊக்கும்? இத்தடை வலிமையுடையது. காப்பியம் தனித்து நின்று அப்பணியைச் செய்தது என யாம் கூறவில்லை. கித்தேரி அம்மாள் அம்மானையை முனிவர் எளிய நடையில் பாடினார். மறைக்காக உயிர்நீத்த மங்கை ஒருத்தியின் வரலாற்றை, மகளிர் பாடும் வடிவமாகிய அம்மானையில் அமைத்தமை தற்செயல் அன்று. உபதேசியார்க்கு உரைநடை, மகளிர்க்கு அம்மானை, ஊரார்க்குக் கலம்பகம், கற்றார்க்குக் காப்பியம். இவ்வாறு கேட்போர் நிலை நோக்கி ஒரே பொருள் வெவ்வேறு வடிவங்களில் இறங்கி வருகின்றது. ஆகவே அவர் நூல்களைத் தொகுதியாகக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். தேம்பாவணியை மட்டும் உயர்த்தி, அம்மானையைப் புறக்கணிக்கும் நம் துறைகளின் வழக்கம் இந்நோக்கில் திருத்தத்தக்கது. காப்பியமும் கற்ற உபதேசியார் வாயிலாக மக்களைச் சென்றடைந்திருத்தல் கூடும். 1851 முதல் 1853 வரை புதுச்சேரியில் அச்சான பின் அதன் வழக்கு மேலும் விரிந்தது.

இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. தளர்ந்தாரைத் தேற்றிய அதே எழுத்தாணி, தரங்கம்பாடியிற் பணிசெய்த லுத்தரன் சபையாரை வேத விளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களில் கடுமையாகத் தாக்கியது. தம்மவர்க்கு அடைக்கலம், அயலார்க்குச் சுடுசொல். தேற்றரவு மதிலுக்கு உட்பட்டதுதானோ? இவ்வினாவுக்கு முழுமையான விடை யாம் கூறப்போவதில்லை. அச்சத்தில் கூடியிருக்கும் சிறு கூட்டம் தன்னைக் காத்துக்கொள்ள எல்லை வகுத்தல் இயல்பு என அமைதி கூறலாம். அது காரணமாகுமேயன்றி நியாயமாகாது. இனியவை கூறலை இலத்தீனில் பெயர்த்தவர் அதனைத் தம் எதிரிகளிடத்துக் கைக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். வேதியர் ஒழுக்கத்தின் அளவுகோலைக் கொண்டே அதன் ஆசிரியரையும் அளக்கும் உரிமை படிப்போர்க்கு உண்டு. அவ்வளவுகோலைத் தந்தவரும் அவரே என்பது அவர்க்குப் பெருமை.

வரலாறு தன் போக்கில் இம்மதிலைச் சிறிது தகர்த்தது. முனிவர் 1728இல் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சேற்றியது தரங்கம்பாடி அச்சகமே. தமிழ் கற்பார்க்கு உதவும் நூல் யாருடையதாயினும் அச்சிடத்தக்கது என்று எதிர்த் தரப்பார் கருதினர். வாதத்தில் ஒருவரையொருவர் ஏற்காதவர், கற்பார்க்கு உதவுதலில் ஒன்றுபட்டனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பிறரைத் தேற்றி ஊக்கும் கிறித்தவக் கடமையை வீரமாமுனிவர் தமிழ் மரபுக்குப் புறம்பான ஒன்றாகக் கொண்டு புகுத்தவில்லை. அடைக்கலம், ஆற்றுப்படை, ஒழுக்கம் என்னும் தமிழ் அறங்களின் வழியே அதனை அமைத்தார். ஏலாக்குறிச்சி என்னும் எல்லையூரின் நிலை அவ்வமைப்புக்குத் தூண்டுகோலாயிற்று. இடம் தருதல், உடன் அழுதல், ஒழுகிக் காட்டுதல் என்னும் மூன்றும் சேர்ந்தவிடத்தே ஆறுதலும் ஊக்கமும் பிரியாது நிற்கும். மூன்றாவது இல்வழி என்னாகும் என்பதைப் பரமார்த்த குரு காட்டுகின்றார்.

இந்நெறியில் மேலும் செய்யத்தக்க ஆய்வுகள் உள. 1894இல் வெளிவந்த கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தில் வழித்துணையாய் வரும் நண்பர்களின் பங்கு திருக்காவலூர் நூல்களோடு ஒப்பிடத்தக்கது. அங்கு தேற்றரவு ஊரினின்று வழிக்கு இடம்பெயர்கின்றது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களில் மகளிரும் முதியோரும் நினைவிற் கொண்டுள்ள அம்மானைகளும் புலம்பற் பாடல்களும் தொகுக்கப்பெறல் வேண்டும். முதுகலை மாணவர் இப்பணியில் இறங்குவாராயின், ஏடுகளில் இல்லாத சான்றுகள் கிடைத்தல் கூடும். பாடுவோர் முதியராதலின் இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.

1747இல் மறைந்த முனிவரின் நூல்களை இன்று சமயப் பற்றாலோ சமயக் காழ்ப்பாலோ அன்றி, தமிழ் அறநூல் மரபின் ஒரு கிளையாகக் கற்க இயலும். துன்புற்றானுக்கு என்ன சொல்வது என்பது எல்லாச் சமயத்தார்க்கும், எச்சமயமும் சாராதார்க்கும் பொதுவான வினாவே. அவ்வினாவுக்குக் கொள்ளிடக் கரையில் எழுதப்பெற்ற விடை, சொல்வதற்கு முன் அவன் அருகே சென்று நில் என்பதாகும்.